இழை: டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் இருந்தால் காற்றாலைக்கு என்ன லாபம்?

காற்றாடி:

குளிர்நாடுகளில் வெப்பத்தை ஒரே இடத்தில் தயாரித்து, மண்ணுக்கடியில் குழாய் போட்டு, வெந்நீராக வீடு வீடாக அனுப்புகிற முறையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படித்தான் சூடு போகிறது என்கிற வரைக்கும் சரி. எங்கே பார்த்தாலும் இது இருந்தால்தான் காற்றாலை, சூரிய மின்சாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்த முடியும் என்று எழுதுகிறார்களே, அது ஏன் என்றுதான் பிடிபடவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு ஹீட் பம்ப் (வெளியே காற்றிலோ தண்ணீரிலோ இருக்கிற வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே ஏற்றுகிற சாதனம்) வைத்தால் அதுவும் காற்றாலை மின்சாரத்தில்தானே ஓடப்போகிறது? நடுவில் எதற்குக் கிலோமீட்டர் கணக்கில் குழாய், தெருவெல்லாம் தோண்டல், போகிற வழியில் வெப்ப இழப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரப் பேச்சு வேண்டாம்.

வெந்நீர்_அண்டா:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், ஆலையின் கன்ட்ரோல் ரூமில் உட்காருகிற ஆள். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழாயை விடுங்கள். ஆலையில் என்னென்ன நிற்கிறது என்று பாருங்கள். டென்மார்க்கில் நடுத்தர அளவு ஆலை ஒன்றில் சாதாரணமாக எரிவாயு என்ஜின் ஒன்று இருக்கும், அது மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே தரும். பெரிய ஹீட் பம்ப் ஒன்று, மின் பாய்லர் ஒன்று. அப்புறம் கட்டட உயரத்துக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி. மின்சாரச் சந்தையில் விலை மணிக்கு மணி மாறும். காற்றே இல்லாமல் விலை எகிறினால் என்ஜினை ஓட்டி மின்சாரத்தை விற்பார்கள், கூடவே வரும் வெப்பம் ஊருக்குப் போகும், மிச்சம் தொட்டிக்குப் போகும், அந்த நேரத்தில் ஹீட் பம்ப் நிற்கும். விலை இறங்கினால் என்ஜினை நிறுத்திவிட்டு ஹீட் பம்ப். காற்று அடித்து நொறுக்கி விலை பூஜ்யத்துக்கோ அதற்கும் கீழேயோ போனால் மின் பாய்லரையும் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது, அவருக்கு அறை கதகதப்பாக இருந்தால் சரி.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வீட்டு ஹீட் பம்பும் காற்றாலை மின்சாரத்தில் ஓடும், உண்மைதான், ஆனால் வீட்டுக்குக் குளிரும்போது ஓடும், காற்று அடிக்கும்போது அல்ல. வீட்டில் 200 லிட்டர் தொட்டி வைத்தால் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 7 யூனிட் வெப்பம் தேங்கும். கடும் குளிரில் அது ஓரிரு மணி நேரத்துக்குக் காணும், அவ்வளவுதான். காற்றில்லாத, எலும்பு உறையும் வாரம் ஒன்று வந்தால் எல்லா வீட்டு ஹீட் பம்பும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். குழாய் வலையமைப்பு அப்படி இல்லை, மின்சாரம் கேட்கிற பக்கத்திலிருந்து சில நிமிடங்களில் கொடுக்கிற பக்கத்துக்குத் தாவும்.

மின் பாய்லரைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எலக்ட்ரோடு வகை பாய்லர்கள் நிமிடக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து முழுச் சுமைக்குப் போகும், இறங்குவது இன்னும் சீக்கிரம். அதனால் மின்கட்டத்தில் உற்பத்தியையும் தேவையையும் சமமாக வைக்க நடக்கிற சந்தையில் அவை ஏலம் கேட்கின்றன. சில மாதங்களில் வெப்பத்தில் வருவதைவிட, "தேவைப்பட்டால் உடனே ஏற்றித் தருகிறேன், இறக்கித் தருகிறேன்" என்று தயாராக நிற்பதற்கு வருகிற பணம் அதிகம்.

சந்தேகப்பேர்வழி:

அண்டா அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தை நைசாகத் தாண்டிவிட்டீர்கள்.

ஒன்று, குழாயில் போகிற இழப்பு. டென்மார்க்கிலேயே சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் மண்ணைச் சூடாக்கத்தான் போகிறது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற இடத்தில் இன்னும் மோசம், மூன்றில் ஒரு பங்கு வரை போவதும் உண்டு. இரண்டு, மின் பாய்லர். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம். மூன்று யூனிட் வெப்பம் தரக்கூடிய ஹீட் பம்ப் இருக்கும்போது இது எந்த ஊர் நியாயம்? அந்த மின்சாரத்தைப் பேட்டரியில் போட்டால் ராத்திரிக்கு மறுபடி மின்சாரமாகவே வருமே.

கணக்குப்புலி:

பேட்டரி என்றவுடன் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும். டென்மார்க்கின் வோயென்ஸ் ஊரில் பழைய மணல் குவாரிக் குழியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மேலே மிதக்கும் மூடி போட்டிருக்கிறார்கள். 2,00,000 கன மீட்டர். வெறும் 50 டிகிரி ஏற்ற இறக்கம் என்று வைத்தாலே 1 கோடியே 16 லட்சம் யூனிட். இந்த அளவுக்குப் பேட்டரி வாங்கப் போனால் விலைப்பட்டியலைப் பார்த்தே மயக்கம் வரும். பேட்டரி விலை இவ்வளவு விழுந்த பிறகும் யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் வெந்நீர் பல மடங்கு மலிவு, காரணம் அதில் இருப்பது தண்ணீரும் விரிப்பும்தான்.

ஒரு நிபந்தனை உண்டு, சந்தேகம் சொன்னது சரி: வெந்நீராகப் போனது மறுபடி மின்சாரமாகத் திரும்பாது. ஆனால் குளிர்நாட்டில் கடைசியாக மக்களுக்கு வேண்டியதில் பெரும் பங்கு வெப்பம்தானே. வெப்பமாகவே செலவாகப் போகிற ஒன்றை எதற்கு மின்சாரமாகச் சேமிக்க வேண்டும்?

பெரிதாகக் கட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தொட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு, வெப்பம் கசிகிற மேற்பரப்போ நூறு மடங்குதான். அதனால்தான் கோடையில் பிடித்த வெயிலை மார்கழிக் குளிர் வரைக்கும் வைத்திருப்பது ஊர் அளவில் நடக்கிறது, வீட்டுத் தொட்டியில் நடப்பதில்லை. டென்மார்க்கின் அர்யோ தீவில் மார்ஸ்டல் என்று ஒரு சின்ன ஊர், 33,000 சதுர மீட்டருக்கு மேல் சூரிய வெப்பத் தகடுகள், 75,000 கன மீட்டர் குழி. வருஷத்தில் ஏறக்குறைய பாதி வெப்பம் சூரியனிடமிருந்து, மிச்சத்துக்கு மரச்சிம்பும் ஹீட் பம்பும்.

ஹெல்சிங்கியில் இன்னொரு மாதிரி. முஸ்திக்கமா தீவின் அடியில் பாறையைக் குடைந்து முன்பு எண்ணெய் வைத்திருந்தார்கள், அதே குகைகளில் இப்போது வெந்நீர். 2,60,000 கன மீட்டர், 11.6 கிகாவாட் மணி, அதாவது 1 கோடியே 16 லட்சம் யூனிட். 120 மெகாவாட் வீதம் எடுத்தால் நான்கு நாள் தாங்கும்.

சந்தேகப்பேர்வழி:

நான்கு நாள்! காற்றில்லாத குளிர் வாரம் பத்து நாள் நீடித்தால்?

அப்புறம் வெற்றிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். கனடாவில் டிரேக் லேண்டிங் என்று ஒன்று இருந்தது, 52 வீடு, 2007-ல் ஆரம்பித்தது. கோடை வெயிலை 144 ஆழ்துளைகள் வழியாக மண்ணில் சேமித்துக் குளிர்காலத்தில் எடுத்தார்கள், ஒரு பருவத்தில் வீட்டுச் சூட்டுக்கு நூற்றுக்கு நூறு சூரியன் என்ற அளவுக்குப் போனது. உலகமே போய்ப் பார்த்தது. 2024-ல் மூடிவிட்டார்கள். சாதனங்கள் பழசாகிவிட்டன, சரிசெய்யக் கட்டுப்படியாகவில்லை. அந்த வீடுகளுக்கு இப்போது எரிவாயு அடுப்புச் சூடு.

வெந்நீர்_அண்டா:

டிரேக் லேண்டிங் நல்ல உதாரணம், ஆனால் நீங்கள் சொல்ல வந்ததற்கு அல்ல. வெப்பத்தைச் சேமிப்பது அங்கே தோற்கவில்லை. 52 வீட்டுக்காகத் தனியாகச் செய்த சாதனங்கள், உதிரிபாகம் கிடைக்காத தகடுகள், பராமரிப்புச் செலவைப் பங்குபோட ஆளில்லை. அதுதான் காலை வாரியது. ஊரோடு பெரிய வலையமைப்பில் ஒரு தகடு வரிசை பழுதானால் மற்றவை சமாளிக்கும்.

பெரிய குழிகளிலும் கோளாறு இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் கட்டிய சிலவற்றில் மூடியின் காப்புப் பொருளுக்குள் ஈரம் இறங்கி, மூடியையே மாற்ற வேண்டி வந்தது. மழைத்தண்ணீர் மூடி மேல் தேங்குவது சின்ன விஷயம் போலத் தெரியும், ஒரு கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய மிதக்கும் கூரையில் அது பெரிய தலைவலி.

பத்து நாள் கேள்விக்கு வருகிறேன். பத்து நாளையும் தொட்டியால் தாங்க வேண்டும் என்று யாரும் கட்டுவதில்லை. அதற்குத்தான் மரச்சிம்பு பாய்லரோ எரிவாயு பாய்லரோ ஓரமாக நிற்கிறது. வருஷத்தில் சில நூறு மணி நேரம்தான் ஓடும், வாங்குகிற விலையும் குறைவு. டென்மார்க்கின் எஸ்பியெர்க் துறைமுகத்தைப் பாருங்கள். நிலக்கரி ஆலையை மூடிவிட்டுக் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கிற இரண்டு ஹீட் பம்ப் வைத்தார்கள், சேர்த்து 70 மெகாவாட் அளவில், குளிர்பதன வாயுவாகக் கார்பன் டை ஆக்ஸைடு. அதை மட்டும் நம்பவில்லை, கூடவே மரச்சிம்பு பாய்லர், மின் பாய்லர் எல்லாம் நிற்கின்றன. ஒரு மூலம் படுத்தால் இன்னொன்று. இந்த மாற்றிப் போடுகிற வசதி குழாய் இருப்பதால்தான் வருகிறது. பத்தாயிரம் வீட்டு அடித்தளத்தில் ஏறி இறங்கி ஒவ்வொரு பாய்லராக மாற்றத் தேவையில்லை, ஒரே இடத்தில் மாற்றினால் ஊரே மாறும்.

இது புது ஞானமும் இல்லை. ஸ்டாக்ஹோமில் 1980களிலேயே, அணுமின்சாரம் உபரியாக இருந்த காலத்தில், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் வெப்பம் எடுக்கப் பெரிய ஹீட் பம்புகளை வைத்துவிட்டார்கள்.

மின் பாய்லர் விஷயத்தில் ஒன்று. காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்லி, அதற்கு இழப்பீடும் கொடுக்கிற நேரத்தில் ஓடுகிற சாதனத்தோடு "ஒன்றுக்கு மூன்று" என்று ஒப்பிடுவது பொருந்தாது. அந்த மின்சாரத்துக்கு அந்த மணியில் வேறு ஆள் இல்லை. அதே பாய்லரை விலை உயர்ந்த நேரத்திலும் ஓட்டினால் நீங்கள் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

குழாய்மாமா:

எல்லாரும் ஆலையையும் தொட்டியையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் கட்டடங்களின் அடித்தளத்தில் வேலை பார்ப்பவன். என்னைக் கேட்டால் காற்றாலை மின்சாரம் எவ்வளவு உள்ளே வரும் என்பதை முடிவு செய்வது திரும்பிப் போகிற குழாயின் சூடு. இதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லையே.

விளக்குகிறேன். ஆலையிலிருந்து 80 டிகிரியில் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். கட்டடம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல கட்டடம் 35-ல் திருப்பி அனுப்பும். மோசமான கட்டடம் 60-ல் அனுப்பும், சில நேரம் அதற்கும் மேலே. பாதிக் கட்டடங்களில் அடித்தளத்துக்குப் போய் ரிட்டர்ன் குழாயில் கை வைத்தால் எடுக்கத் தோன்றும், அவ்வளவு சூடு. அந்த வெப்பம் வீட்டுக்கும் பயன்படவில்லை, ஆலைக்கும் தொல்லை.

ஏன் அப்படி ஆகிறது என்றால் காரணம் எல்லாம் சில்லறைத்தனம். மேல்மாடியில் ஒருவர் குளிர்கிறது என்று புகார் செய்திருப்பார். வந்த ஆள் எல்லா மாடிக்கும் தண்ணீர் சமமாகப் பிரிகிறதா என்று பார்க்க நேரமில்லாமல் பைபாஸ் வால்வைத் (தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நேராகத் திருப்பி அனுப்புவது) திறந்துவிட்டு, பம்ப் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருப்பார். பல வருஷம் கழித்து நான் போய்ப் பார்க்கும்போது அந்த வால்வு திறந்தபடியே, கைப்பிடி துருப்பிடித்து, அப்படியே நிற்கும். இன்னொரு இடத்தில் ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றினால் உள்ளே இருக்கிற ஊசி அமுங்கவே அமுங்காது, திறந்த நிலையிலேயே இறுகியிருக்கும். கோடை முழுக்க யாரும் தொடாமல் விட்டதால் வருகிற வினை. அறை சூடாகிறது, இவர் ஜன்னலைத் திறக்கிறார், தண்ணீர் சூடு குறையாமல் ஓடித் திரும்புகிறது. மூன்றாவது, குழாயைத் திறந்த உடனே வெந்நீர் வரவேண்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும் சுழற்சி வளையம். அதைச் சரியாக இணைக்கவில்லையென்றால் ராத்திரி பகலாக 55 டிகிரியில் ரிட்டர்னைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

கணக்குப்புலி:

மாமா சொன்னதுக்கு எண் போட்டால் இன்னும் உறைக்கும்.

1,000 கன மீட்டர் தொட்டி. 80-ல் நிரப்பி 60-ல் திரும்பினால் 23 மெகாவாட் மணிதான் (ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட்) அதில் நிற்கும். அதே தொட்டி, அதே 80, திரும்புவது 35 என்றால் 52 மெகாவாட் மணி. ஒரு செங்கல் கூடக் கூட்டாமல் சேமிப்பு இரண்டு மடங்குக்கு மேல். குழாயும் அதே கதைதான், அதே விட்டத்தில் இரண்டு மடங்கு வெப்பம் போகும், இல்லையென்றால் பம்பை மாடாய் உழைக்க வைக்க வேண்டும்.

அடுத்தது ஹீட் பம்ப். 5 டிகிரித் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுப்பதாகவும், கொள்கை அளவில் முடிகிற உச்சத்தில் 55 சதவீதம் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்கிறேன். 90 டிகிரியில் அனுப்பினால் ஒரு யூனிட்டுக்கு 2.3 யூனிட் வெப்பம். 70 டிகிரி என்றால் 2.9. 55 டிகிரி என்றால் 3.6. அதாவது 100 யூனிட் வெப்பத்துக்கு முறையே சுமார் 43, 34, 28 யூனிட் மின்சாரம். ஊரெல்லாம் சப்ளைச் சூட்டை 90-லிருந்து 55-க்கு இறக்க முடிந்தால் அதே காற்றாலை ஒன்றரை மடங்கு வீட்டைச் சூடாக்கும்.

வெந்நீர்_அண்டா:

எஸ்பியெர்க்கில் இருப்பது போன்ற கார்பன் டை ஆக்ஸைடு வகை ஹீட் பம்புக்கு ரிட்டர்ன் சூடு இன்னும் முக்கியம். அந்த வாயு வெப்பத்தைக் கொடுக்கும்போது மற்றவற்றைப் போல ஒரே வெப்பநிலையில் திரவமாவதில்லை, படிப்படியாகக் குளிர்ந்துகொண்டே போகும். எதிரே வருகிற தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் கடைசி வரை வெப்பத்தைக் கறக்க முடியும். 60-ல் ரிட்டர்ன் வந்தால் அந்த இயந்திரம் அழுதுவிடும்.

சூரியத் தகடுக்கும் அப்படியே, குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால்தான் அதிகம் பிடிக்கும். மரச்சிம்பு பாய்லரின் புகையில் இருக்கிற நீராவியைக் குளிரவைத்து வெப்பம் எடுக்கவும் குளிர்ந்த ரிட்டர்ன்தான் வேண்டும். நிலக்கரி காலத்தில் இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை, அடுப்பில் ஆயிரம் டிகிரி இருக்கும்போது ரிட்டர்ன் 40 என்ன, 60 என்ன என்று விட்டுவிட்டார்கள்.

ஆய்வாளர்கள் தலைமுறைக் கணக்கு ஒன்று சொல்வார்கள். முதல் தலைமுறை நீராவி, 1877-ல் அமெரிக்காவின் லாக்போர்ட்டில் பேர்ட்சில் ஹாலி போட்டது. அடுத்தது அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் வெந்நீர். மூன்றாவது, 1970களுக்குப் பிறகு வந்த, தொழிற்சாலையிலேயே நுரைக்காப்போடு செய்து வருகிற குழாய், 100-க்குக் கீழே. நான்காவதுதான் 50, 60 டிகிரியில் அனுப்புவது. ஆல்போர்க் பல்கலைக்கழகத்து ஹென்ரிக் லுண்டும் கூட்டாளிகளும் 2014-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பேச்சு சூடுபிடித்தது. ஆனால் நடைமுறையில் ஒரே ஊரில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து கிடக்கும், நான்காவது புறநகரில் புதுசாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் மட்டும் இருக்கும்.

காற்றாடி:

55-ல் அனுப்பினால் குளிக்கிற தண்ணீர்? லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பெருகும் என்பார்களே. அதனால்தானே தொட்டியை 60-ல் வைக்கச் சொல்கிறார்கள்?

குழாய்மாமா:

நல்ல கேள்வி தம்பி. கிருமிக்குத் தேங்கிய தண்ணீரும் நேரமும் வேண்டும். அதனால் தேக்காதே என்பதுதான் வழி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன வெப்பப் பரிமாற்றி, குழாயைத் திறக்கும்போது மட்டும் குடிநீர் அதன் வழியாக ஓடிச் சூடாகும். தொட்டி கிடையாது, சுழற்சி வளையம் கிடையாது. பரிமாற்றியிலிருந்து குழாய் முனை வரை உள்ளே நிற்கிற தண்ணீர் 3 லிட்டருக்குள் இருந்தால் ஜெர்மனி விதிகளில் பெரிய அமைப்புகளுக்கான கெடுபிடி அதற்கு இல்லை.

புதுக் கட்டடத்துக்கு இது சுலபம். ஐம்பது வருஷக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் உடைக்க வேண்டும், அங்கேதான் எல்லாத் திட்டமும் படுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் விஷயத்தில் ஆச்சரியம் என்னவென்றால், பழைய கட்டடத்துக்கு ஜன்னல் மாற்றி, கூரைக்குக் காப்புப் போட்டிருந்தால் ஏற்கெனவே இருக்கிற ரேடியேட்டரே பெரும்பாலான நாளில் 55-க்குப் போதும். அந்தக் காலத்தில் கணக்கைவிடப் பெரிதாகவே வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் மிகக் குளிர்ந்த சில நாளுக்கு மட்டும் சப்ளையை ஏற்றினால் ஆயிற்று.

நிழல்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து யாருமே பேசவில்லை.

நான் இருக்கிற அடுக்குமாடியில் வெப்பம் ஒரே நிறுவனம்தான் தருகிறது. பெயர் வேண்டாம். மின்சாரமென்றால் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறலாம், இதில் மாறவே முடியாது, குழாய் அவர்களுடையது. விலையை ஏற்றினார்கள், ஏன் என்று கேட்டால் எரிபொருள் சூத்திரம் என்று ஒரு பக்கத்துக்குக் கணக்கு அனுப்பினார்கள், அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு ஆடிட்டர் வேண்டும். காற்று இலவசமாக வீசுகிற மணியில் தொட்டி நிரப்புகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். அந்த மலிவு என் பில்லில் எங்கே?

சந்தேகப்பேர்வழி:

அப்படிப் போடுங்கள். இதற்கு அண்டா அண்ணன் பதில் சொல்லட்டும்.

வெந்நீர்_அண்டா:

நியாயமான கோபம், பூசி மெழுக மாட்டேன். குழாய் என்பது இயல்பிலேயே ஏகபோகம். அதை யார் கையில், எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் இறக்குமதி எண்ணெயை நம்பியே இருந்தது, அந்த அடியில்தான் 1979-ல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. அங்கே வெப்பக் கம்பெனி லாபம் வைக்கக் கூடாது, செலவு என்னவோ அதுதான் விலை. பெரும்பாலானவை நகராட்சியுடையவை அல்லது வாடிக்கையாளர்களே உறுப்பினர்களாக இருக்கிற கூட்டுறவு. தொட்டியில் மலிவாக நிரப்பியது அடுத்த வருஷக் கட்டணத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும், போக வேறு இடமில்லை. உங்கள் இடத்தில் அந்த மாதிரிச் சட்டம் இல்லையென்றால் மலிவு நடுவிலேயே நின்றுவிடும்.

பிரிட்டனில் ரொம்ப காலம் இந்தத் துறையைக் கேட்பாரில்லை. 2023 எரிசக்திச் சட்டத்தில்தான் ஆஃப்ஜெம் என்கிற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்புக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஜெர்மனி வேறு முனையில் ஆரம்பித்தது: 1 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற நகரங்கள் 2026 நடுவுக்குள், மற்றவை 2028 நடுவுக்குள், எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்குத் தனி ஹீட் பம்ப் என்று திட்டம் போட்டாக வேண்டும் என்று 2024 முதல் சட்டம். காற்றாடியின் முதல் கேள்விக்கு ஒருவகையில் இதுவே பதில். அடர்த்தியான தெருவுக்குக் குழாய், தோட்டம் துரவோடு தள்ளி இருக்கிற வீட்டுக்குத் தனி ஹீட் பம்ப். சந்தேகம் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இழப்பு அந்த இரண்டாவது இடத்தில் குழாய் போட்டால் வருவது.

சந்தேகப்பேர்வழி:

டேட்டா சென்டர் வெப்பம், குப்பை எரிக்கிற வெப்பம் இதையெல்லாமும் "புதுப்பிக்கத்தக்கது" என்கிற கூடைக்குள் போட்டுவிடுவார்களே, அதையும் சொல்லிவிடுங்கள். கோபன்ஹேகனில் குப்பை ஆலைக் கூரையில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள், பார்க்க ஜோர். ஆனால் அவ்வளவு பெரிய உலையைக் கட்டிவிட்டால் அதற்குத் தீனி போட வெளியிலிருந்து குப்பை தருவிக்க வேண்டியதாகிறது. மரத்துண்டுகளைக் கப்பலில் கொண்டுவந்து எரிப்பதும் இதே ரகம்.

வெந்நீர்_அண்டா:

மரமும் குப்பையும், ஒத்துக்கொள்கிறேன். நிலக்கரியிலிருந்து தப்பிக்க அவசரத்தில் பிடித்த கிளை அது, அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. ஹெல்சிங்கி 2023-ல் ஹனசாரி, 2025-ல் சல்மிசாரி என்று இரண்டு நிலக்கரி ஆலையையும் மூடியபோது மின் பாய்லரும் ஹீட் பம்பும் நிறையச் சேர்த்தது, அந்தத் திசை எனக்குப் பிடித்திருக்கிறது.

டேட்டா சென்டரில் ஆட்கள் மறக்கிற ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வெப்பம் வருஷம் முழுக்க ஒரே அளவில் வரும். ஆனால் கோடையில் ஊருக்குத் தேவை குளிக்கிற தண்ணீரும் குழாய் இழப்பும் மட்டும்தான், குளிர்கால உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குச் சூரியத் தகடும் வரிசையில் நிற்கும், குப்பை ஆலையும் நிற்கும், டேட்டா சென்டரும் நிற்கும். ஜூலையில் எல்லாரும் வெப்பம் விற்க வருவார்கள், ஜனவரியில் ஒருவரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். பருவகாலச் சேமிப்பு இல்லாமல் மூன்றையும் ஒரே ஊரில் சேர்த்துவிட்டு "ஒருங்கிணைந்தது" என்று பெயர் வைத்தால் ஒன்றின் வாயில் இன்னொன்று மண்ணைப் போடும். இதுவரை நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

ஒன்று மட்டும் கோடையிலும் உருப்படியாக ஓடும்: ஒரே ஹீட் பம்பில் ஒரு பக்கம் குளிர்ந்த நீர், மறுபக்கம் வெந்நீர். ஹெல்சிங்கியின் கத்ரி வாலா பூங்காவின் அடியில் இருப்பது அந்த வகை. அலுவலகங்களைக் குளிர்வித்து எடுத்த வெப்பம் வீட்டுக் குழாய்க்குப் போகிறது.

நிழல்:

சரி, சட்டத்தை நான் மாற்ற முடியாது. மாமா சொன்ன ரிட்டர்ன் சூடு என் கட்டடத்தில் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? அடித்தளச் சாவி கேட்டால் மேலாளர் தரமாட்டார்.

குழாய்மாமா:

சாவியே வேண்டாம். கட்டடத்தின் வருஷ பில்லை வாங்குங்கள். அதில் எத்தனை மெகாவாட் மணி, எத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடியது என்று இரண்டும் இருக்கும், சில கம்பெனி இரண்டாவதைப் பின்பக்கத்தில் போடும். கன மீட்டரை மெகாவாட் மணியால் வகுங்கள். ஒரு மெகாவாட் மணி சுமார் 860 கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும், அதனால் 860-ஐ அந்த விடையால் வகுத்தால் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் சராசரி வித்தியாசம் வந்துவிடும். மெகாவாட் மணிக்கு 20 கன மீட்டர் என்றால் 43 டிகிரி, அருமையான கட்டடம். 57 வந்தால் வெறும் 15 டிகிரி, எங்கேயோ ஒரு வால்வு திறந்து கிடக்கிறது.

டென்மார்க்கில் பல கம்பெனிகள் ரிட்டர்ன் குளிர்ந்திருந்தால் டிகிரிக்கு இவ்வளவு என்று தள்ளுபடி, சூடாக இருந்தால் அபராதம் என்று பில்லில் போடுகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த மாதிரி ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மேலாளர் சாவியைத் தானே கொண்டுவந்து தருவார்.

நிழல்:

பில் இருக்கிறது. 412 மெகாவாட் மணி, 19,800 கன மீட்டர்.

கணக்குப்புலி:

48. அப்படியென்றால் சுமார் 18 டிகிரி.

குழாய்மாமா:

முதலில் வெந்நீர்ச் சுழற்சி வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பைபாஸ். இரண்டு மாதம் கழித்து மீட்டரை மறுபடி படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். கோடை மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எப்போதும் மோசமாகத்தான் காட்டும்.